றப்பர் தடிச்சால் மட்டும் போதுமா?

கேள்வி: றப்பரை முறுக்கிப் பறக்கவிடும், 45 செ.மீ. இறக்கை வைத்த என் மாதிரி விமானத்துக்கு 15 செ.மீ. புரொப்பெல்லர். இன்னும் உயரம் போகட்டும் என்று றப்பரை இரட்டிப்பாக்கினேன். இப்போது செங்குத்தாக ஏறி, கவிழ்ந்து விழுகிறது, 10 செக்கன்கூட நிற்பதில்லை. பெரிய புரொப்பெல்லர் போடவா?
- மாணவர், வல்வெட்டித்துறை

பதில்: வேண்டாம் தம்பி, புரொப்பெல்லர் சரியான அளவுதான், இறக்கை நீளத்தில் மூன்றிலொன்று இருக்கிறது. பிழை றப்பரில். அதே நீளத்தில் இரட்டிப்பாக்கினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் முறுக்குவிசை கிட்டத்தட்ட 2.8 மடங்காகும், ஆனால் ஏற்றக்கூடிய சுற்றுகள் பத்துக்கு ஏழாகக் குறைந்துவிடும், அதனால்தான் எல்லாப் பலமும் ஒரேயடியாகக் கொட்டித் தீர்கிறது. பழையபடி ஒற்றை வளையம் போடுங்கள், றப்பரை மாட்டும் முன், பின் கொக்கிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். ஏறவே மறுத்தால் மட்டும் கொஞ்சம் தடித்த றப்பர்.

முறுக்கும்போது நண்பரை விமானத்தைப் பிடிக்கச் சொல்லி, றப்பரை நாலு மடங்கு இழுத்துப் பாதிச் சுற்றை அங்கேயே ஏற்றுங்கள், மிச்சத்தை மெல்ல மெல்லக் கிட்டே நடந்து வந்தபடி. அதற்கு முன் ஆமணக்கெண்ணெய் இரண்டு சொட்டு தடவி, முடிச்சுப் பக்கம் சின்னக் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், றப்பர் அறுந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் நாட்களில், காற்றுக் கிளம்புமுன் விடியப்புறமாக முற்றவெளிக்குக் கொண்டுபோய் விடுங்கள்.