மோகனம் கேட்குது, கமகத்தைக் காணேல்லை

வணக்கம் ஐயா,

மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட பத்து ராக டிஸ்கோ இசைத்தட்டைப் போனில் கேட்டேன். பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. பாட்டுக்காரர் இல்லாததும் குறையாகப் படவில்லை. நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. மூன்றாவதில் மோகனம் போல ஒன்று வருகிறது, ஆனால் சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகத்தைக் காணவில்லை. அடியில் நுளம்பு இரைவது போல ஒரு சத்தம் ஒரே மாதிரி ஓடுகிறது. அதோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தையும் கேட்கத்தான் வேண்டுமா?

க., கொக்குவில்

அன்புள்ள க.,

நுளம்பு உங்கள் போனில்தான் இருக்கிறது. அதன் சின்ன ஸ்பீக்கர் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. தட்டில் தாளம் போடும் இயந்திரமான ரோலண்ட் ரி.ஆர். 808இன் பெரிய அடி 50 ஹேர்ட்ஸ் அளவில் விழுகிறது, அதே நிறுவனத்தின் ரி.பி. 303 என்ற பெட்டி வாசிக்கும் பேஸும், அதாவது அடித்தளச் சுரங்களும், பெரும்பாலும் போன் ஊமையாகும் அந்த எல்லைக்குக் கீழேதான். அடிச்சுரம் போய் மேலதிர்வுகள் மட்டும் மிஞ்சினால் இரைச்சலாகத்தான் கேட்கும்.

விலை குறைந்த வயர் ஹெட்போனே போதும். காதுக்குள் செருகுகிற வகையென்றால் ரப்பர் முனை இறுக்கமாக மூடவேண்டும். சற்று இடைவெளி இருந்தாலும் முதலில் போவது பேஸ். அதை ஈக்குவலைசரில் கூட்டி ஈடுகட்டாதீர்கள். அது மினிபஸ்காரரின் வேலை: 808உம் 303உம் பிரித்தறிய முடியாமல் குழம்பிவிடும். பெட்டி ஸ்பீக்கரைச் சீமெந்து அறையின் மூலையில் வைத்தாலும் பேஸ் வீங்கும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.

இனிக் கமகம். 303 என்பது தனியாக வாசிக்கும் கிட்டார்காரருக்குத் துணை பேஸ் என்று ரோலண்ட் 1981இல் விற்ற பெட்டி. அடுத்த சுரத்துக்கு வழுக்கும், ஒரு சுரத்தை அழுத்திச் சொல்லும். வழுக்குகிற வேகத்தை மாற்ற அதில் திருகியே இல்லை. அதனிடம் காந்தாரத்தை அசைக்கச் சொல்வது அநியாயம். ராகத்தை ஏந்துவது சிங் கையால் வாசிக்கும் ஜூப்பிற்றர் 8 சிந்தசைசர். அதுவும் விசைப்பலகைதான், நாதஸ்வரக் குழைவு வராது. கமகத்தைத் தேடுவதை விட்டு 303இன் பில்டரை, அதாவது ஒலியை வடிகட்டும் பகுதியை, கவனியுங்கள். அதைத் திறந்து மூடும்போது சுரம் அப்படியே நிற்க நிறம் மட்டும் மாறும். "ஒரே மாதிரி" ஓடுவதற்குள் அசைவு இருப்பது அங்கேதான்.

2010இல் மறுவெளியீடு வந்தபின், அசிட் ஹவுஸ் என்ற நடன இசை இவரிடம்தான் பிறந்தது என்று ஓர் ஆரவாரம் எழுந்தது. அதே 303ஐ வைத்து 1987இல் சிகாகோக்காரர் தட்டுப் போட்டது உண்மை. அதற்காக இவரைத் தகப்பன் ஆக்கவேண்டாம். சிங் செய்ய நினைத்தது டிஸ்கோ. அந்த அளவில் கேட்டால் நிறையவே கிடைக்கும்.

பத்தையும் ஒரே இருப்பில் கேட்கவேண்டாம். தாளக்கட்டு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்று, தட்டின் உண்மையான குறை அதுதான், காது களைத்துவிடும். மால்கௌன்ஸில், அதாவது எங்கள் ஹிந்தோளத்தில், தொடங்குங்கள். ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத ஐந்து சுரம், காது உடனே பிடித்துக்கொள்ளும், ஐந்து நிமிடத்தில் முடிந்தும் விடும். பிறகு யமன், அதாவது கல்யாணி. இரண்டும் பிடிக்காவிட்டால் மிச்சத்தை விட்டுவிடலாம், குற்றமில்லை.

நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்தது தோடி. பெயரை நம்பி நாதஸ்வரத் தோடியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஹிந்துஸ்தானித் தோடி எங்களுக்குச் சுபபந்துவராளி.