மிக்ஸ் ஏன் சப்புன்னு இருக்கு? ஒரு கல்யாண டிஜேகிட்ட கேட்டவை

கடலூர், பாண்டி மண்டபங்கள்ல பன்னிரண்டு வருஷமா டிஜே போடுறேன். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்ததை அதோட கலந்து விடுறதுதான் மிக்ஸ். அதுல புதுசா ஆரம்பிச்சவங்க கேட்டதுல சிலதுக்கு இங்க பதில்.

திருப்பாதிரிப்புலியூர் தம்பி: அண்ணா, பீட் கரெக்டா சேருது. ஆனா கேக்க உப்புச்சப்பில்லாம இருக்கே?

பீட் சேர்றது பாதி வேலைதான் தம்பி. அடுத்த பாட்டு எந்த இடத்துல நுழையுதுங்கறதுதான் மீதி. டான்ஸ் பாட்டு பெரும்பாலும் 32 பீட்டுக்கு ஒரு தடவை திரும்பும். 120 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்துல, அது 16 நொடி. அந்தத் திருப்பத்தோட முதல் அடியில புதுப் பாட்டை விடு. நடுவுல விட்டா, பேசிக்கிட்டு இருக்கறவன் வாயைப் பொத்தின மாதிரி இருக்கும். எண்ணிப் பழகு. பாண்டி பஸ்ல நான் எண்ணிக்கிட்டே போவேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

அடுத்தது பேஸ். ரெண்டு பாட்டோட பேஸும் ஒண்ணா ஓடினா கொழகொழன்னு ஆயிடும். புதுப் பாட்டோட லோ குமிழை (பேஸைக் கூட்டிக் குறைக்கற குமிழ்) மூடிட்டு உள்ள கொண்டு வா. 32 முடிஞ்சு ஒண்ணு விழும்போது பழையதோட லோவை மூடி, புதுசைத் திற. கூட்டம் துள்றது அந்த அடியிலதான்.

லாஸ்பேட்டை தங்கச்சி: எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்ணா?

கன்ட்ரோலர்ங்கறது கம்ப்யூட்டர்ல ஓடுற பாட்டைக் கையால மிக்ஸ் பண்ற பெட்டி. ரெண்டு சேனல், அதாவது ரெண்டு பாட்டை ஒண்ணா ஓட்டற அளவு, போதும். பயனியர் டிடிஜே-400 பழசு நல்ல நிலைமையில கிடைச்சாலும் எடுத்துக்கோம்மா. ஹெட்போன்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதுநகர் தம்பி: குத்துப் பாட்டையும் ஹவுஸ் (மேல்நாட்டு எலக்ட்ரானிக் டான்ஸ்) பாட்டையும் சேர்த்தா நொண்டி அடிக்குது. சாஃப்ட்வேர்ல பிபிஎம் ஒண்ணாத்தான் காட்டுது.

சாஃப்ட்வேரை நம்பினதுதான் தப்பு. நம்ம டப்பாங்குத்துல நிறைய பாட்டுக்கு ஒவ்வொரு அடியும் மூணு மூணாப் பிரியும், திஸ்ரம். ஹவுஸ்ல நாலு நாலா. அதனால 90ல போற குத்தை சாஃப்ட்வேர் ஒன்றரை மடங்கா 135ன்னு காட்டிடும். கால்ல தட்டிப் பாரு, கால் பொய் சொல்லாது. அடி ஒரே வேகத்துல விழுந்தாலும், மூணும் நாலும் ரொம்ப நேரம் மேல மேல ஓடினா இடிச்சுக்கும். ஒண்ணை எக்கோவுல கரைய விட்டு, ஒரு கணம் வெறுமையா விட்டு, அடுத்ததைத் தவில் அடியிலேர்ந்து நேரா வெட்டிப் போடு. இதை நான் மிக்ஸிங் இல்லைன்னு நெனச்சு ரெண்டு வருஷம் வீணாக்கினேன்.

எண்பதுகள்ல வந்த பல பாட்டுல இன்னொரு சிக்கல் இருக்கு. ஆளுங்க உட்கார்ந்து வாசிச்சதால வேகம் லேசா ஏறி இறங்கும். சாஃப்ட்வேர் பாட்டு மேல போடுற பீட் கோடுகளை, அதாவது கிரிட்டை, கொஞ்சம் கொஞ்சமா கையால நகர்த்தி வை. இல்லேன்னா இடையிசையில நாலு பீட் மட்டும் திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி லூப் போட்டு, அது மேல அடுத்த பாட்டை ஏத்து. ஹிப்-ஹாப் முன்னோடி டிஜே கூல் ஹெர்க் 1970கள்ல நியூயார்க் பிராங்ஸ்ல இதோட மூலத்தைத்தான் செஞ்சார். ஒரே ரெக்கார்டுல ரெண்டு பிரதி வச்சு, டிரம் வர்ற இடத்தை மட்டும் மாத்தி மாத்தி ஓட்டி நீட்டினார்.

வில்லியனூர் நண்பர்: எஃபெக்ட் எவ்ளோ போடலாம்?

மணிக்கு மூணு தடவை. அதுக்கு மேல சைரன் விட்டா ஆம்புலன்ஸ்னு நெனச்சு ஒதுங்கிடுவாங்க.

மஞ்சக்குப்பம் தம்பி: ஆரம்பத்துல ஆடுறாங்க, அப்புறம் சாப்பிடப் போயிடறாங்க அண்ணா.

எனக்கும் நடந்திருக்கு. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு ரிசப்ஷன்ல முதல் அரை மணியிலேயே கையிலிருந்த ஹிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். எட்டரைக்கு எங்கிட்ட சரக்கில்லை, மாப்பிள்ளையோட தாய்மாமா வந்து பழைய மெலடி கேட்டார். போட்டேன். பெரியவங்க நாலு பேர் எழுந்து ஆட, பசங்க பந்தியிலேர்ந்து கை கழுவாமலே ஓடி வந்தாங்க. ஆகவே மேடு பள்ளம் வேணும். மூணு வேகப் பாட்டுக்கு ஒரு இளைப்பாறல். ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாதுங்கறது விதி. அதனால 9.40க்கு உச்சம்னு வச்சுக்கிட்டு பின்னாலேர்ந்து கணக்குப் போடு.

பாகூர் தம்பி: தினமும் என்ன பயிற்சி பண்றது?

இருபது பாட்டு மட்டும் எடுத்துக்கோ. அரை மணி மிக்ஸ் பண்ணி, சத்தம் அளவு மீறினா எரியற சிவப்பு விளக்கு எரியாம ரெக்கார்ட் பண்ணு. உடனே கேக்காதே, ரெண்டு நாள் கழிச்சு நடந்துக்கிட்டே கேளு. நடை எங்க தடுமாறுதோ அந்த நிமிஷத்தைக் குறிச்சு வச்சு, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பத்து தடவை திரும்பப் பண்ணு.