ஒரு ஃபைலுக்கு எத்தனை முதலாளி?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தலைவலிதான். பப்பெட், ஆன்சிபிள் போன்ற, சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவிகளில் ஒரு கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல், அதைத் தொட நான்கு மாட்யூல்கள் (ஒரு வேலைக்கான நிரல் தொகுப்புகள்). யாருடைய ஃபைல் என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குகிறார்கள், அல்லது ஒருவரும் தூக்குவதில்லை.

பப்பெட்டில் இரண்டு மாட்யூல்கள் ஒரே ஃபைலை அறிவிக்கின்றன. 'டூப்ளிகேட் டிக்ளரேஷன்' என்று நின்றுவிடுகிறது. 'டிஃபைன்ட்' நிபந்தனை (ஏற்கெனவே அறிவித்தாயிற்றா என்ற சோதனை) போட்டுச் சமாளிக்கலாமா?

வேண்டாம். அந்த நிமிடம் வரை பப்பெட் எதைப் படித்திருக்கிறதோ அதை வைத்துத்தான் 'டிஃபைன்ட்' பதில் சொல்லும். நாளைக்கு யாராவது மாட்யூல்களைச் சேர்க்கும் இன்க்ளூட் வரிசையை மாற்றினால் பதிலும் மாறும், ஃபைலும் மாறும். அந்தப் பிழைச் செய்தி உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது, அதன் வாயை அடைக்காதீர்கள். முழு ஃபைலையும் ஒரு சின்ன மாட்யூலிடம் 'கான்கேட்' (துண்டுகளை ஒட்டி ஒரே ஃபைலாக்கும் வசதி) கொண்டு ஒப்படையுங்கள். மற்றவை தங்கள் துண்டை மட்டும் கொடுக்கட்டும். ஒரு மாட்யூலை நீக்கினால் அதன் துண்டும் அடுத்த ஓட்டத்தில் தானாகப் போய்விடும்.

கான்கேட்டில் 5 என்று வரிசை எண் கொடுத்த துண்டு, 10-க்குப் பின்னால் போய் உட்காருகிறது. பக் தானே?

இல்லை. அது எண் வரிசை அல்ல, எழுத்து வரிசை. 05 என்று எழுதுங்கள்.

ஆன்சிபிள் ஓடுது, ஆனா ஃபைல் தப்பா வருது. என்ன செய்யணும்?

எந்த ஃபைல், எந்த மாட்யூல், என்ன தப்பு? ஒன்றும் எழுதவில்லை. மருத்துவரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவீர்களா? சரி, ஊகித்துச் சொல்கிறேன். இரண்டு ரோல்கள் (ஆன்சிபிளின் பணித் தொகுப்புகள்) ஒரே ஃபைலில் 'பிளாக்இன்ஃபைல்' (ஃபைலுக்குள் ஒரு பிளாக் எழுதும் மாட்யூல்) பயன்படுத்துகின்றன, இரண்டிலும் மார்க்கரை (பிளாக்கின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறியை) மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். மார்க்கர் ஒன்றாக இருந்தால், ஒருவர் எழுதிய பிளாக்கை அடுத்தவர் தன்னுடையது என்று நினைத்து அழித்து எழுதுவார். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இரண்டும் 'சேஞ்ச்டு' என்று காட்டினால் இதேதான். மார்க்கரில் ரோலின் பெயரைச் சேருங்கள்.

எஸ்எஸ்எச்டி (தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் சேவை) கான்ஃபிக்கை எங்கள் மூன்று ரோல்கள் 'லைன்இன்ஃபைல்' (ஒரு வரியை மட்டும் மாற்றும் மாட்யூல்) மூலம் தொடுகின்றன. இதுவரை பிரச்சினை இல்லை. டெம்ப்ளேட்டுக்கு (முழு ஃபைலையும் எழுதும் வார்ப்புருவுக்கு) மாறித்தான் ஆக வேண்டுமா?

பிரச்சினை இல்லை என்று எப்படித் தெரியும்? 'ஓகே' என்று பச்சையில் வந்ததாலா?

எனக்கும் பச்சையில்தான் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரிடம் நாற்பது சொச்சம் சர்வர்கள். ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) லாகின் கூடாது என்று ஒரு ரோலில் லைன்இன்ஃபைல் எழுதினேன். ஃபைலில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது, ஆனால் முன்னால் ஹாஷ் குறியோடு, அதாவது செயல்படாத வரியாக. என் ரெஜெக்ஸ் (வரியைத் தேடும் வடிவம்) அதைப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் லைன்இன்ஃபைல் என்ன செய்யும்? வரியைக் கடைசியில் ஒட்டும். கடைசியில் என்ன இருந்தது? எஸ்எஃப்டிபி (ஃபைல் பரிமாற்ற) குழுவுக்காக இன்னொரு ரோல் போட்ட 'மேட்ச்' பிளாக், அதாவது குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் பொருந்தும் விதிகள். மேட்ச் பிளாக் அடுத்த மேட்ச் வரும் வரை, இல்லையேல் ஃபைல் முடியும் வரை நீளும். ஆக, என் தடை அந்தக் குழுவுக்கு மட்டும் பொருந்தியது. மற்ற எல்லாருக்கும் பழைய இயல்பு நிலையே: பாஸ்வேர்டு செல்லாது, சாவி இருந்தால் ரூட்டாக வரலாம். இலக்கணப்படி எல்லாம் சரி என்பதால் 'எஸ்எஸ்எச்டி -t' சோதனையும் வாயே திறக்கவில்லை. அதே கட்டளையைப் பெரிய T போட்டு ஓட்டி, நடைமுறையில் உள்ள மதிப்பைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தணிக்கைக்கு வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொன்று. ரோலிலிருந்து அந்த டாஸ்க்கை நீக்கினாலும் சர்வரில் வரி அப்படியே கிடக்கும். வீட்டைக் காலி செய்தவர் சாமானை விட்டுப்போன மாதிரி. இரண்டு வருடம் கழித்து அது யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அதனால் மாறுங்கள். டெம்ப்ளேட் ஒரே ரோலில் இருக்கட்டும், மற்ற ரோல்கள் மதிப்புகளை மட்டும் தரட்டும். வாலிடேட் (எழுதும் முன் ஃபைலைச் சோதிப்பது) இல்லாமல் எழுதாதீர்கள். ரீலோட் செய்யும்போது திறந்திருக்கும் ஒரு செஷனை மூடாதீர்கள். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதே எஸ்எஸ்எச்டிக்கு டாட் டி அடைவில் (பெயர் '.d' என்று முடியும், கூடுதல் கான்ஃபிக் ஃபைல்கள் வைக்கும் அடைவு) 99 என்று தொடங்கும் ஃபைல் வைத்தோம். பாஸ்வேர்டு லாகின் நிற்கவே இல்லை.

அதே அடைவில் கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரைத் தொடக்கத்தில் அமைக்கும் கருவி) வைத்த, 50 என்று தொடங்கும் ஃபைல் ஒன்று இருக்கும், பாருங்கள். எஸ்எஸ்எச்டியில் முதலில் வந்த மதிப்பே செல்லும். சிஸ்கண்ட்ரோலில் (கெர்னல் அமைப்புகளுக்கானது) கடைசியாக வந்தது செல்லும். ஒன்றின் பழக்கத்தை மற்றதில் காட்டாதீர்கள். உங்கள் ஃபைலை 10 என்று தொடங்குங்கள். 2020-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.2-க்கு முந்தைய சர்வர்களில், வேறு ஃபைல்களைச் சேர்த்துப் படிக்கும் இன்க்ளூடே கிடையாது, அங்கே இந்த வழி எடுபடாது.

ஒவ்வொரு மாட்யூலும் சூடோயர்ஸ் (யார் ரூட் அதிகாரத்தோடு சூடோ கட்டளை ஓட்டலாம் என்ற விதிகள்) டாட் டி அடைவில் தனி ஃபைல் வைக்கிறது. ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை.

பெயரில் புள்ளி இருக்கிறதா? இருந்தால் சூடோ அதைப் படிக்காது, ஏன் படிக்கவில்லை என்றும் சொல்லாது. மற்றபடி உங்கள் முறை நல்ல முறை. விசூடோ (அந்த ஃபைல்களைச் சோதிக்கும் கருவி) வைத்து வாலிடேட் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு (சர்வர் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்வது) அப்படி டாட் டி அடைவு இல்லையே. ஐந்து ரோல்கள் ஆளுக்கு இரண்டு வரி சேர்க்க வேண்டும்.

பப்பெட் என்றால் 'ஹோஸ்ட்' ரிசோர்ஸ் இருக்கிறது, வரி வரியாகப் பார்த்துக்கொள்ளும். ஆன்சிபிளில் டெம்ப்ளேட்தான். ஆனால் ஐந்து இடத்திலும் ஒரே பெயரில் வேரியபிள் வைத்தால் அவை ஒன்றுசேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்னுரிமை கூடியது மட்டும் மிஞ்சும், மற்ற நான்கும் காணாமல் போகும். ரோலுக்கு ஒரு பெயரில் லிஸ்ட் வையுங்கள், டெம்ப்ளேட்டில் ஐந்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.