குரோஷியக் கடலில் ஒரு வாரம்: கேப்டன் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுத விடாதீர்கள்

கேள்வி: வரும் ஜூலையில் மனைவி, 13 மற்றும் 8 வயதுப் பிள்ளைகள், 68 வயதான அம்மா ஆகியோருடன் குரோஷியாவின் ஸ்பிளிட் நகரிலிருந்து ஒரு வாரம் பாய்மரப் படகில் தீவுகளைச் சுற்றிவர விரும்புகிறோம். கல்லூரி நாட்களில் சென்னைத் துறைமுகத்தில் சிறிய பாய்ப்படகு ஓட்டியிருக்கிறேன். "அதுவே போதும், கேப்டனாக உங்கள் பெயரைப் போட்டுவிடலாம், சான்றிதழை நான் பார்த்துக்கொள்கிறேன், கேப்டன் சம்பளம் மிச்சம்" என்கிறார் எங்கள் ஊர் முகவர். முழுத் தொகையையும் இப்போதே தன் கணக்கில் செலுத்தச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பயணம் நல்ல பயணம்தான், அதைக் கைவிடத் தேவையில்லை. கைவிட வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

குரோஷியாவில் கேப்டன் இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பதென்றால், அந்நாட்டுக் கடல்துறை அமைச்சகத்தின் பட்டியலில் இடம்பெற்ற படகோட்டும் தகுதிச் சான்றிதழும், படகுகள் ஒன்றோடொன்றும் கரையோடும் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவைக் கையாள்வதற்கான தனிச் சான்றிதழும் படகில் இருப்பவர்களிடம் இருக்க வேண்டும். அப்படியிருக்க, "சான்றிதழை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது போலியாக இருக்கும், அல்லது வேறொருவருடையதாக இருக்கும். துறைமுக அதிகாரி அதைக் கண்டுபிடித்தால் அபராதத்தோடு போகலாம்; பாறையில் மோதி யாருக்காவது காயம் ஏற்பட்டாலோ, காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். அப்போது விசாரணைக்கு அழைக்கப்படுபவர் கோவையிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும் முகவர் அல்லர், தாளில் கேப்டன் என்று எழுதப்பட்டிருக்கும் நீங்கள்.

உங்கள் பழைய அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 12 மீட்டர் நீளமும் பல டன் எடையும் கொண்ட படகை, பிற்பகலில் மயிஸ்ட்ரால் என்னும் வடமேற்குக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும்போது, இரண்டு படகுகளுக்கு நடுவே பின்பக்கமாக நகர்த்திக் கரையோடு கட்டுவது முற்றிலும் வேறு வேலை. படகின் முன்பக்கத்தைக் கட்டுவதற்காகக் கடலடியிலிருந்து மேலே வரும் கயிறு பாசியேறி வழுக்கும். அதில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கையுறை இல்லாத உள்ளங்கையைக் கிழித்துவிடும். வெயில் அடிக்கும் நாளிலும் மலைச்சரிவிலிருந்து திடீரென்று இறங்கும் பூரா என்னும் வடகிழக்குக் காற்று வந்துவிட்டால், எந்தக் குடாவில் ஒதுங்குவது என்பதை அந்தக் கரையில் பழகியவரே அறிவார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 யூரோவும் சாப்பாடும் கொடுத்து ஒரு கேப்டனை அமர்த்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறவர் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அன்று.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் ஒப்புக்கொள்வேன். உங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் வசிக்கும் மைத்துனரோ சித்தப்பாவோ ஐ.சி.சி. எனப்படும் முறையான சர்வதேசப் படகோட்டும் திறன் சான்றிதழ் வைத்திருந்தால் அவரைக் கேப்டனாக்கலாம். ஆனால் அச்சான்றிதழில் இயந்திரப் படகுக்கு மட்டுமின்றிப் பாய்மரப் படகுக்கும் தகுதி குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது, ஏனெனில் பிரிட்டனில் வழங்கப்படுவது 5 ஆண்டுகளுக்கே செல்லும். ரேடியோ சான்றிதழ் தனியாக இருக்க வேண்டும். இவற்றின் நகல்களைப் பணம் கட்டுவதற்கு முன்பே படகு நிறுவனத்துக்கு அனுப்பி, ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் பதில் பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வாரம் முழுவதும் படகில் இருக்க வேண்டும். சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடும் மைத்துனரால் பயனில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பாதியை முன்பதிவின்போதும் மீதியைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பும் செலுத்துவதே வழக்கம். முழுத் தொகையையும் தனிநபர் கணக்கில் கேட்பவரிடம், படகின் பெயர், கட்டப்பட்ட ஆண்டு, உரிமையாளர் நிறுவனத்தின் பெயர் ஆகியவை கொண்ட ஒப்பந்தத்தைக் கேளுங்கள், தயங்கினால் விலகிவிடுங்கள். ஒரே வாரத்தில் டுப்ரோவ்னிக் வரை போய்வரலாம் என்று ஆசை காட்டுபவரையும் நம்பாதீர்கள். அது ஒரு வழிக்கே ஏறத்தாழ 100 கடல் மைல். இத்தகைய படகு மணிக்கு ஐந்தாறு கடல் மைல்தான் போகும். சனிக்கிழமை மாலையில் படகைப் பெற்று, அடுத்த வெள்ளி மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால், பிராச் தீவின் மில்னா, ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராட், பிறகு விஸ் என்று சுற்றினாலே வாரம் நிறைந்துவிடும்.

வாடகை தவிர, சேதத்துக்கான டெபாசிட்டாகச் சில ஆயிரம் யூரோவை உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள். ஒருமுறை சுக்கானில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நான் பணம் கட்ட நேர்ந்தது. படகைப் பெற்றுக்கொண்ட மாலையில் அவசரத்தில் படம் எடுக்காமல் விட்டதே காரணம். கேப்டன் உடனிருந்தாலும் நீர்க்கண்ணாடி அணிந்து படகின் அடிப்பாகத்தைப் பாருங்கள், எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள்.

நீங்கள் ஐந்து பேர், கேப்டனோடு ஆறு. மூன்று கேபின் உள்ள படகை முகவர் காட்டினால் ஒன்று கேப்டனுக்குப் போய்விடும், உங்களில் யாரேனும் நடுக்கூடத்தில் படுக்க நேரிடும். நான்கு கேபின் கேளுங்கள். கரைக்கும் படகுக்கும் இடையே ஒரு முழ அகலப் பலகைதான் பாலம், அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்காகக் கைப்பிடிக் கயிறு உள்ள பலகையைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் எடையை முன்கூட்டியே சொன்னால்தான் சரியான அளவில் உயிர்காப்புச் சட்டை கிடைக்கும்.

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனால் கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும். எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும் படிவம் ஹோட்டலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. படகில் உறங்கும் குடும்பத்தை இன்னும் அது கற்பனை செய்யவில்லை என்பது எனக்குத் தீராத எரிச்சல். படகு ஒப்பந்தத்தையும் பயணிகள் பட்டியலையும் இணைத்து, முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் ஸ்பிளிட்டில் அறை எடுத்துக் காட்டுங்கள். அந்தப் பட்டியலில் பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அம்மாவின் கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் விரிவாக இருந்து, முகவர் வெறும் முதலெழுத்தோடு எழுதியிருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.