ஆறு மணி நேரம் ஓட்டியும் டிரெய்லர் பேட்டரி ஏன் நிறையவில்லை?

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கேரவன் டிரெய்லரில் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கிறது. ஒரு சின்ன கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜும் நாலு எல்இடி விளக்கும் அதில்தான் ஓடுகின்றன. ஆறு மணி நேரம் காரில் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாலும், கிளம்பும்போது பாதியில் இருந்த பேட்டரி ஏறக்குறைய அதே பாதியில்தான் நிற்கிறது. மெக்கானிக் காரின் பின்பக்க சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்து, 14.1 வோல்ட் வருகிறது, ஒயரிங் சரி, பேட்டரிதான் போச்சு என்கிறார். ஒயர் டிரெய்லரோடு வந்தது, மேலே 1.5 என்று அச்சடித்திருக்கிறது, நீளம் சுமார் 7 மீட்டர். புது பேட்டரி வாங்கிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். மெக்கானிக் அளந்தது சரிதான், அளந்த நேரம்தான் தப்பு. எதுவும் மாட்டாத சாக்கெட்டில் மீட்டர் வைத்தால், உள்ளே தலைமுடி கனத்தில் ஒயர் இருந்தால்கூட 14 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை. குழாயைத் திறக்காமலே தண்ணீர் நன்றாக வருகிறது என்று சொல்வது மாதிரி.

டிரெய்லரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். முதலில் காரின் பேட்டரி டெர்மினல்களில், அப்புறம் டிரெய்லர் பேட்டரி டெர்மினல்களில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க வழியில் ஒயரும் பிளக்கும் தின்றுவிட்டது. உங்கள் விஷயத்தில் என்ன வரும் என்று அளக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 12 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ். உங்கள் தூரம் 7 மீட்டர், ஆனால் கரண்ட் போனால் திரும்பி வரவும் வேண்டும், அதனால் கணக்குக்கு 14 மீட்டர் (இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்). ஆக சுமார் 0.16 ஓம். பிளக்கின் பின்கள், பழைய ஜாயின்ட்கள் எல்லாம் சேர்த்து 0.2 என்று வையுங்கள். கார் பக்கம் 14.2 வோல்ட், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் உங்கள் பேட்டரி 12.9-ல் இருக்கிறது என்றால், இடையில் இருப்பது 1.3 வோல்ட். அதை 0.2 ஓமால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். அந்த ஒயரில் வரக்கூடியது அவ்வளவுதான், அதிலும் ஃபிரிட்ஜ் ஓடும் நேரத்தில் நாலைந்து ஆம்பியரை அது எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு ஆம்பியர் பேட்டரிக்கு! பேட்டரி கொஞ்சம் நிறைந்து அதன் வோல்டேஜ் ஏற ஏற இடையில் இருக்கும் வித்தியாசம் குறையும், அந்த இரண்டும் குறையும். ஆறு மணி நேரம் ஓட்டியும் ஏன் நிற்கிறது என்று இப்போது தெரிகிறதா? பேட்டரி மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம்.

அந்த ஒயரைக் குறை சொல்லியும் பயனில்லை, அது விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் போட்டது, அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. சார்ஜ் ஏற்றுவதற்குத் தனி கேபிள் போடுங்கள். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் உங்கள் தூரத்துக்கு மொத்தம் 15 மில்லி ஓம் அளவில்தான் வரும், 20 ஆம்பியர் ஓடினாலும் 0.3 வோல்ட்தான் விழும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே அதே கனம். விளக்கு சாக்கெட்டுக்குள் இந்தக் கேபிளைத் திணிக்க முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் என்று தனியாகக் கிடைக்கிறது, அதுதான் இதற்கு. கேபிள் நுனியில் வரும் உலோக லக்குகளை நல்ல கிரிம்பிங் டூலால் அழுத்தி மாட்டுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய், அது முடியும் இடத்தில் குலுக்கலில் இழை இழையாக உடையும்.

கேபிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 6 எம்எம் என்று கேட்டால் சில இடங்களில் செம்பின் பரப்பளவைச் சொல்வார்கள், சில இடங்களில் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த விட்டத்தைச் சொல்வார்கள். இரண்டாவது வகையில் உள்ளே இருக்கும் செம்பு 5 சதுர மில்லிமீட்டர்கூட இருக்காது. எனவே எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

கேள்வி: நண்பர் ஒருவர் கார் பேட்டரியையும் டிரெய்லர் பேட்டரியையும் 13.3 வோல்ட் வந்தால் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும் ஒரு ரிலேயை (தானியங்கி சுவிட்ச்) மாட்டி வருஷக்கணக்காக ஓட்டுகிறார். அதையே என் புது காரில் மாட்டினேன். கொஞ்ச நேரம் சேர்கிறது, அப்புறம் பிரிந்துவிடுகிறது, நாள் முழுக்க டிக் டிக் சத்தம். ரிலே கெட்டதா?

பதில்: ரிலே நன்றாகத்தான் இருக்கிறது, கார்தான் வேறு மாதிரி. நண்பரின் கார் பழையதாக இருக்கும். அதில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றுவதில் கரண்ட் தயாரிக்கும் கருவி) இன்ஜின் ஓடும் வரை 14 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும், அதை நம்பித்தான் அந்த ரிலேயைச் செய்திருக்கிறார்கள். புதுக் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிறது. கார் பேட்டரி நிறைந்துவிட்டால் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.5 பக்கம்கூட இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போதோ சரிவில் இறங்கும்போதோ சும்மா கிடைக்கிற சக்தி என்று 15 வரை ஏற்றும். உங்கள் ரிலே அதைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்து பிரிகிறது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து டிசி-டிசி சார்ஜர். உள்ளே வருவது 12 வோல்ட்டோ 15 வோல்ட்டோ, வெளியே டிரெய்லர் பேட்டரிக்கு என்ன வோல்டேஜ் வேண்டுமோ அதைத் தானே தயாரித்துக் கொடுக்கும்: ஏஜிஎம் (லெட் ஆசிட்டிலேயே மூடிய ஒரு வகை) என்றால் 14.4-லிருந்து 14.7 வரை கொண்டுபோய், நிறைந்த பிறகு 13.5 பக்கம் இறக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை டிரெய்லரில், பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். காரின் பானெட்டுக்குள் வைத்தால் சூடு ஒரு பக்கம், அது அழகாகத் தயாரித்துக் கொடுத்த வோல்டேஜ் நீளமான ஒயரில் மறுபடி விழுவது இன்னொரு பக்கம்.

டிசி-டிசி சார்ஜர் போட்டுவிட்டோமே, ஒயர் மெல்லியதாக இருந்தால் என்ன என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். 20 ஆம்பியர் சார்ஜர் வெளியே 14.4 வோல்ட்டில் 288 வாட் கொடுக்கிறது என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு திறன் என்று வைத்தாலும் உள்ளே 320 வாட் வேண்டும், உள்ளே வரும் வோல்டேஜ் 12 என்றால் அது கிட்டத்தட்ட 27 ஆம்பியர். ஒயரில் வோல்டேஜ் விழ விழ அது இன்னும் அதிகமாக இழுக்கும், ஒயர் இன்னும் சூடாகும், கடைசியில் உள்ளே வோல்டேஜ் போதவில்லை என்று சார்ஜரே நின்றுவிடும். கனமான கேபிள் இதற்கும் வேண்டும். இன்னொன்று, உங்கள் மாதிரி காரில் சார்ஜரின் இக்னிஷன் ஒயரைக் கட்டாயம் கொடுங்கள், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு பாசிட்டிவிலிருந்து. கொடுக்காவிட்டால் கார் வோல்டேஜை இறக்கும்போதெல்லாம் இன்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்துச் சார்ஜர் தூங்கிவிடும், ரிலே செய்த அதே கூத்து.

கேள்வி: கார் பேட்டரி பக்கம் 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன். டிரெய்லர் பக்கமும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். ஒரே ஒயருக்கு எதற்கு இரண்டு ஃபியூஸ்?

பதில்: ஒயர் ஒன்றுதான், ஆனால் அதன் இரண்டு நுனியிலும் பேட்டரி இருக்கிறதே. நடுவில் எங்கேயாவது ஷார்ட் ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. என் முதல் டிரெய்லரை நானே ஒயரிங் செய்தபோது நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டு, கார் பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டேன். இழுவைக் கம்பியின் கூர்மையான ஓரத்தில் கேபிள் உரசி உரசித் தோல் போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஒரு நாள் காரைக் கழற்றித் தள்ளி நிறுத்திவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் நாற்றம். கார் பக்கத்து ஃபியூஸ் காரோடு போய்விட்டது, டிரெய்லர் பேட்டரியோ தன்னிடம் இருந்ததையெல்லாம் அந்த ஷார்ட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. டெர்மினலைப் பிடுங்கியதில் கையில் பட்ட சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

எனவே இரண்டு பக்கமும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், அதனால் ஒயர் தாங்கும் அளவைப் பார்த்துப் போடுங்கள். அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸாக மாற்றினால் அடுத்து ஒயர்தான் ஃபியூஸாக வேலை செய்யும்.

கேள்வி: நெகட்டிவுக்குத் தனி கேபிள் எதற்கு? காரும் இரும்பு, டிரெய்லரும் இரும்பு, இரண்டும் கொக்கியில் சேர்ந்துதானே இருக்கின்றன?

பதில்: சேர்ந்திருக்கின்றன, ஆனால் நடுவில் கிரீஸும் துருவும் இருக்கின்றன, போதாததற்கு அந்த இடம் ஆடிக்கொண்டே வேறு இருக்கிறது. அங்கே வழி கிடைக்காத கரண்ட் விளக்கு சாக்கெட்டின் சின்ன எர்த் பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மினுக்குவது, பின் உருகுவது எல்லாம் அதனால்தான். தனி கேபிளே போடுங்கள். கார் பக்கத்தில் அதை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டாமல், காரின் பாடியில் எர்த் கொடுத்திருக்கும் போல்ட்டில் மாட்டுங்கள். புதுக் கார்களில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும், அதைத் தாண்டி நேராக முனையில் மாட்டினால் டிரெய்லருக்குப் போகும் கரண்ட் அதன் கணக்கில் வராது, கார் தன் பேட்டரியைத் தப்பாக எடைபோடும்.

கேள்வி: டிரெய்லர் பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றுகிறேன். பழைய ரிலேயும் கேபிளும் அப்படியே இருக்கலாமா?

பதில்: கேபிள் கனமானது என்றால் இருக்கட்டும், ரிலேயை எடுத்துவிடுங்கள். லெட் ஆசிட் நிறைய நிறையத் தானே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும், கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்கில் நம்மைக் காக்க வைக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அப்படியில்லை, கொடுத்ததையெல்லாம் கிட்டத்தட்ட நிறையும் வரை வாங்கிக்கொண்டே இருக்கும். கொடுப்பது உங்கள் ஆல்டர்னேட்டர். டிராஃபிக்கில் இன்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், அந்த நேரத்தில் முழு லோடு இழுத்தால் அது வெந்துவிடும். அதோடு இன்னொரு வேடிக்கை: நிறைந்த லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் பக்கம் நிற்கும். 12.8-க்கு இறங்கினால்தானே ரிலே பிரியும்? இன்ஜினை நிறுத்திய பிறகும் பிரியாமல், டிரெய்லர் பேட்டரி ராத்திரி முழுக்க கார் பேட்டரிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும். லித்தியத்துக்கான செட்டிங் உள்ள டிசி-டிசி சார்ஜர் போட்டால் கரண்ட்டுக்கும் ஒரு வரம்பு கிடைக்கும், திரும்பிப் பாய்வதும் நிற்கும். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும் இடத்துக்குப் போகிறவர் என்றால், அந்தக் குளிரில் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு பேட்டரியில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 13 பின் சாக்கெட். ராத்திரி டிரெய்லரைக் கழற்றாமல் தூங்கினேன், காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: உங்கள் டிரெய்லரை 9-ம் பின்னில் மாட்டியிருக்கிறார்கள். அது சாவியை எடுத்தாலும் உயிரோடு இருக்கும் பாசிட்டிவ், ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க கார் பேட்டரியைத் தின்றிருக்கிறது. சாவி போட்டால் மட்டும் வருவது 10-ம் பின், அதன் நெகட்டிவ் 11 (9-க்கு உரிய நெகட்டிவ் 13). பேட்டரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகும் ஒயரை 10, 11-க்கு மாற்றச் சொல்லுங்கள். சில கார்களில் 10-ம் பின்னுக்குள் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள், அதனால் டிரெய்லரைப் பிரிக்கும் முன் கார் சாக்கெட்டில் ஒரு சின்ன பல்பை மாட்டி, சாவி போட்டால் எரிகிறதா, எடுத்தால் அணைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.