1990-ஐப் பார்க்காத எனக்கு ஏன் இந்தப் பயம்?

இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகே சத்துருக்கொண்டானில் 1990 செப்டம்பர் 9-இல் நடந்த படுகொலையில் உறவுகளைப் பறிகொடுத்தவர் உங்கள் அம்மா. நீங்கள் பிறந்தது 1998-இல். ஆனாலும் இரவில் வாசலில் வாகனம் நின்றால் நெஞ்சு படபடக்கிறது, இது இரத்தத்தில் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. யூத இனப்படுகொலையில் தப்பியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் மனநல ஆய்வாளர் ரேச்சல் யெஹூடா குழுவினர் ஆராய்ந்தார்கள். மன அழுத்த ஹார்மோனோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில், இரு தலைமுறையிலும் வேதி அடையாளங்கள் மாறியிருந்தன. ஆனால் ஆராயப்பட்டவர்கள் 32 பெற்றோர், 22 பிள்ளைகள் மட்டுமே. அதை வைத்து 'பரம்பரை' என்று முத்திரை குத்த வேண்டாம்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வீட்டுப் பழக்கம்தான். எங்கள் அம்மம்மா அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருப்பா. நாய் குரைத்தால் முதலில் விளக்கை அணைப்பா. ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. காரணம் தெரியாமலே நாங்களும் மூச்சை அடக்கப் பழகினோம். அதே 1990-இல் படுகொலைகள் நடந்த வீரமுனையிலும், காத்தான்குடியிலும் இப்படி வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? அம்மாவைக் கிண்டிக் கேட்காதீர்கள். அவராகப் பேசினால் பக்கத்தில் இருங்கள். தூக்கம் கெட்டால், படிப்போ வேலையோ குழம்பினால், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். இது குணப்படுத்தக்கூடியது.