பழைய படத்துல வர்ற லண்டன் மாடி பஸ் எல்லாமே ரூட்மாஸ்டரா?

கேள்வி: 1963ல வந்த சம்மர் ஹாலிடே படத்துல கிளிஃப் ரிச்சர்ட் ஓட்டிட்டு போறது ரூட்மாஸ்டர்னு நான் சொல்றேன், அப்பா இல்லவே இல்லைங்கறார். யார் சொல்றது சரி? நம்பர் பிளேட்ட வச்சு வருஷம் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: அப்பா சொல்றதுதான் சரிங்க. அது ஏஇசி கம்பெனியோட ரீஜென்ட் 3, லண்டன்ல அதுக்கு பேரு ஆர்டி. சிவப்பு மாடி பஸ்ஸ பார்த்தாலே ரூட்மாஸ்டர்னு சொல்லிடறாங்க, எனக்கு அது கஷ்டமாத்தான் இருக்கும், ஏன்னா போருக்கு அப்புறம் லண்டன் ஜனங்கள தூக்கி சுமந்தது ஆர்டி குடும்பம்தான், கிட்டத்தட்ட 7,000 வண்டி. ரூட்மாஸ்டர் மொத்தமே 2,876. 1973 ஜேம்ஸ் பாண்ட் படத்துல பாலத்துல மோதி மேல் மாடி பிச்சுக்கிட்டு போகுமே, அதுவும் ஆர்டிதான்.

பஸ் நம்மள பார்த்து நேரா வர்ற ஷாட்ல படத்த நிறுத்துங்க. டிரைவர் கேபின் நமக்கு இடது பக்கம் இருக்கும், என்ஜின் வலது பக்கம். அந்த வலது பக்கத்த மட்டும் பாருங்க. ரேடியேட்டர் குரோம் ஃபிரேமோட தனியா நெட்டுக்குத்தா நின்னு, அதுக்கு பக்கத்துல மட்கார்டு தனியா வளைஞ்சு இறங்கினா அது ஆர்டி. பானெட்டும் மட்கார்டும் ஒரே அகலமா சேர்ந்து, கிரில் அதுக்குள்ளயே பதிஞ்சிருந்தா ரூட்மாஸ்டர். இத ஒரு தடவ கண்ணுல பிடிச்சுட்டீங்கன்னா அப்புறம் தூரத்துல வந்தாலும் தெரிஞ்சுடும். சைடுல இருந்து பார்க்கறப்ப நடுவுல ஒரு குட்டி ஜன்னல் கூடுதலா இருந்தா அது நீளமான ரூட்மாஸ்டர், 72 சீட்டு, 1961ல இருந்துதான் வந்துச்சு.

ஆர்டிலயே லேலண்ட் கம்பெனி சேஸிஸ் (பாடிய தாங்கற அடிச்சட்டம்) போட்டது ஆர்டிஎல், அதே லேலண்ட்ல 8 அடி அகலத்துல வந்தது ஆர்டிடபிள்யூ, மத்த ரெண்டும் ஏழரை அடி. இதுல நிறைய வண்டி பின்னாடி இலங்கைக்கு போச்சு, கொழும்புல வளர்ந்தவங்க யாராவது வீட்டுல இருந்தா கேட்டு பாருங்க, ஞாபகம் இருக்கும்.

இப்ப நம்பர் பிளேட். ரூட்மாஸ்டர்ல இது ஓரளவு உதவும், ஆரம்பத்துல வந்த வண்டில பிளேட் டபிள்யூஎல்டி 348ன்னு இருந்தா பஸ்ஸோட வரிசை நம்பரும் 348தான், பிளேட்டோட கடைசில 'பி'ங்கற எழுத்து வந்தா 1964. ஆனா ஆர்டிக்கு பிளேட்ட நம்பாதீங்க. லண்டன் பஸ்களோட ஆல்டன்ஹாம் ஒர்க்‌ஷாப்புக்கு ஓவர்ஹாலுக்கு போனா பாடிய சேஸிஸ்ல இருந்து கழட்டி தனித்தனியா வேலை பார்ப்பாங்க, திரும்பி வர்றப்ப அதே நம்பர்ல வேற ஒரு பாடி உக்காந்திருக்கும், அதனால பிளேட் ஒரு வருஷம் சொல்லும் பாடி வேற வருஷம் சொல்லும். மேல் மாடி முன் ஜன்னலுக்கும் மேல, கூரையில ரூட் நம்பர் பெட்டி ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கான்னு பாருங்க, இருந்தா போருக்கு அப்புறம் முதல்ல வந்த பாடி அது. சினிமாவுக்காக பொய் பிளேட் மாட்டறதும் உண்டு.

படம் எடுத்த வருஷத்த கணிக்கறதுன்னா, ரூட்மாஸ்டர் ஜனங்கள ஏத்த ஆரம்பிச்சது 1956ல, ஆர்டி கடைசியா ஓடினது 1979 ஏப்ரல்ல. அதனால எழுபதுகள்ல எடுத்த தெரு சீன்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போகும், அந்த மாதிரி ஒரு ஷாட் கிடைச்சா விடாதீங்க, ரேடியேட்டர் வித்தியாசத்த ஒரே பார்வையில அப்பாவுக்கும் காட்டிடலாம்.